திருகோணமலையில் மண்டபத்துக்குப் பஞ்சமா?

கேள்வி: ஓகஸ்ட் 3
பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் மண்டபம். கோயில்களிலே கல்யாண மண்டபம். தேவாலயங்களிலும் கூடம் இருக்கிறது. இதற்குமேல் "சமூகக் கலை மையம்" என்று இன்னொரு கட்டடம் எதற்கு? திறப்பு விழாவுக்கு மாலை போடுவார்கள், ஆறு மாதத்தில் பூட்டுத் தொங்கும். தேவை என்பவர்கள் கணக்கோடு நிறுவிக் காட்டுங்கள்.

ஓகஸ்ட் 3, இரவு
மேடைக்குப் பஞ்சமில்லை என்பது சரி. அதை மறுத்து மையம் கேட்கும் விண்ணப்பம் முதல் கூட்டத்திலேயே விழுந்துவிடும், விழவும் வேண்டும். இந்த ஊரில் இல்லாதது வேறு: பாதியில் நிற்கிற வேலையை இரவுக்கு அப்படியே விட்டுவிட்டுப் போக ஓர் அறை.

கூத்து ஒரே மாலையில் முடிகிற காரியமில்லை, மாதக்கணக்கு. நாடகத்துக்கு அடித்த பலகை காய வேண்டும். வர்ணம் பூசிய துணி காய வேண்டும். வாடகை மண்டபத்தில் 2 மணித்தியாலம் கிடைத்தால், கதிரை ஒதுக்கி, கூட்டி, வாத்தியம் இறக்கி வைக்க 20 நிமிடம் போய்விடும். திரும்பக் கட்டி ஏற்ற இன்னொரு 20. 120 நிமிடத்தில் 40 போனால், வாடகையில் மூன்றில் ஒரு பங்கு சாமான் தூக்குவதற்குக் கொடுத்த காசு.

அதனால் கேட்க வேண்டியது மண்டபம் இல்லை. இரண்டு பயிற்சி அறை, ஒரு பூட்டுகிற களஞ்சியம், ஒரு மணல் முற்றம். நிகழ்ச்சிக்கு ஊரில் இருக்கிற மண்டபங்களே போதும்.

ஓகஸ்ட் 5
"கணக்கோடு" என்று கேட்டதற்கு. ஆட்களை எண்ணாதீர்கள், மணித்தியாலத்தை எண்ணுங்கள். "500 பேர் வந்தார்கள்" என்பது ஒரு நாள் விழா. ஓர் அறை கிழமையில் எத்தனை மணித்தியாலம் உண்மையாக வேலை செய்கிறது என்பதுதான் கட்டடத்தின் நியாயம்.

கிழமை நாள்களில் பின்னேரம் 3 முதல் 8 வரை, 5 நாளுக்கு 25 மணித்தியாலம். சனி, ஞாயிறு காலை 8 முதல் இரவு 8 வரை 24. கூட்டினால் 49. ஞாயிறு காலை அறநெறி வகுப்பும் தேவாலயமும் இருப்பதால் 4 கழித்தால் 45. இரண்டு அறைக்கு 90. ஆண்டில் 48 கிழமை என்றால் 4,320. இதில் 60 வீதம் நிரம்பினாலே நல்ல மையம், அதாவது 2,592 மணித்தியாலம்.

ஆண்டுச் செலவு (காவலாளி, மின்சாரம், தண்ணீர், திருத்தம்) 18 இலட்சம் ரூபாய் என்று வைத்தால், ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 694 ரூபாய் விழுகிறது. 18 இலட்சம் உதாரணத்துக்குத்தான். உங்கள் தொகையைப் போட்டு வகுத்துப் பாருங்கள். இந்த வகுத்தல் இல்லாத விண்ணப்பம் வெறும் ஆசைக் கடிதம்.

ஓகஸ்ட் 6
திருத்தம். 45 என்றது கூடிப்போயிற்று. கிண்ணியாவிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறா: "மஃரிபுக்கு (அந்தித் தொழுகைக்கு) முன்னம் பிள்ளையள் வீட்டை நிக்கோணும். பஸ்ஸும் நினைச்ச நேரம் வராது." நியாயம். இங்கே நவம்பரில் 6 மணிக்கு முன்னரே பொழுது சாய்ந்துவிடும். யூலையில் 6.25 வரை இழுக்கும். ஆகவே பிள்ளைகளின் வகுப்பை 3.30க்குத் தொடங்கி 5க்கு முடிக்க வேண்டும். தொழுகைக்கென அரை மணித்தியாலம் அறை சும்மா இருக்கட்டும். 6.45க்குப் பிறகு பெரியவர்கள், கூத்துக்காரர்.

அறைக்கு 45ஐ 40 ஆக்குங்கள். 80 பெருக்கல் 48, அதில் 60 வீதம் 2,304. கட்டணம் 781 ரூபாய்க்கு ஏறும். ஏறினாலும் அதுதான் நேர்மையான தொகை.

கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறந்தது, நீளம் 396 மீற்றர். பாதைப் படகுக்குக் காத்துநின்ற ஊர் இப்போது பட்டினத்தோடு ஒட்டிவிட்டது. மையம் கேட்கிறவர்கள் "பட்டினமும் சூழலும்" என்ற பிரதேச செயலகப் பிரிவை மட்டும் மனதில் வைத்து எழுதினால் கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பிள்ளைகள் கணக்கிலேயே வரமாட்டார்கள். கழிகம்பு (கம்படி ஆட்டம்) ஆடுகிற கிண்ணியாப் பெடியனுக்கும் இதே அறைதான் வேண்டும்.

ஓகஸ்ட் 11
அறையின் அளவு. பரதம் ஆடும் பிள்ளைக்கு 3 சதுர மீற்றர் குறைந்தபட்சம். 20 பிள்ளைக்கு 60. 30 அடிக்கு 23 அடி, அதாவது 9 மீற்றருக்கு 7 மீற்றர் அறை பொருந்தும். கூரையடி உயரம் 4 மீற்றருக்குக் குறைய வேண்டாம். மின்விசிறி தொங்கும், கை உயர்த்தி அபிநயம் பிடிப்பார்கள்.

இப்போது எதிரொலி. பூசின சுவர், மாபிள் தரை, தட்டையான கூரையடி: இந்த மூன்றும் ஒலியை விழுங்கவே மாட்டா. கணக்கு இலகு. அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுக்க வேண்டும். 9 × 7 × 4 என்றால் 252 கன மீற்றர், 0.161ஆல் பெருக்கினால் 40.6. மொத்த மேற்பரப்பு 254 சதுர மீற்றர், அதில் 3 வீதம்தான் உறிஞ்சும், 7.6. வகுத்தால், எதிரொலி அடங்கப் பிடிக்கும் நேரம் 5.3 செக்கன். ஒரு சொற்கட்டு முடியுமுன் அடுத்தது அதன்மேல் ஏறிவிடும், தாளம் பிடிக்க முடியாது.

10 சதுர மீற்றர் யன்னலைத் திறந்தால் 2.3 செக்கன். அதோடு 20 பேர் உள்ளே நின்றால் 1.6. இவற்றோடு சுவரில் 30 சதுர மீற்றருக்கு நல்ல உறிஞ்சிப் பலகையும் பொருத்தினால் 0.8. பயிற்சி அறைக்கு அது போதும்.

யன்னலைச் சாத்திக் குளிரூட்டி போடலாம் என்கிறவர்கள் இந்த 10 சதுர மீற்றரை இழக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். காசும் கூட, சத்தமும் கூட.

ஓகஸ்ட் 12
முட்டைத் தட்டு ஒட்டலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒட்டாதீர்கள். மெல்லிய மட்டை மேல் சுருதியில் கொஞ்சம் கடிக்கும், மத்தளத்தின் தொப்பி (கனத்த ஓசைப் பக்கம்) முழக்கத்துக்கு ஒன்றும் செய்யாது. நெருப்புப் பட்டால் சுவர் முழுக்க எரியும்.

நம்மூரில் கிடைப்பது தும்பு. 50 மி.மீ. தடிப்புத் தும்புப் பாயை மரச்சட்டத்தில் இழுத்து, சுவரிலிருந்து 50 மி.மீ. விலக்கிப் பொருத்திப் பருத்தித் துணி மூடுங்கள். நடு, மேல் சுருதியைப் பிடிக்கும். கீழ்ச் சுருதிக்கு இடைவெளி 150 மி.மீ. வேண்டும், ஒரு சுவரில் மட்டும் செய்தாலே வித்தியாசம் தெரியும். தும்பைப் பொருத்துமுன் போராக்சும் போரிக் அமிலமும் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து நன்றாகக் காயவிடுங்கள். கறையானையும் தடுக்கும், தீயையும் தாமதப்படுத்தும். காயாமல் மாட்டினால் பூஞ்சணம் பிடித்து அறை முழுக்க நாறும்.

ஓகஸ்ட் 19
தரை பற்றி எழுதச் சொன்ன நடன ஆசிரியைக்கு.

கொங்கிறீட்டில் ஒட்டிய மாபிளில் தட்டடவு போட்டால் அடி முழுக்க முழங்காலுக்கும் கணைக்காலுக்கும் திரும்பி வரும். வளரும் பிள்ளைகளுக்கு அது நல்லதில்லை. செய்ய வேண்டியது: கொங்கிறீட்டின்மேல் தடித்த பொலித்தீன். அதன்மேல் 16 அங்குல இடைவெளியில் 10 மி.மீ. இறப்பர்த் துண்டுகள். அவற்றின்மேல் 2 அங்குலச் சதுரச் சட்டம். அதன்மேல் 12 மி.மீ. ஒட்டுப்பலகை இரண்டு அடுக்கு, கீழ் அடுக்கின் மூட்டும் மேல் அடுக்கின் மூட்டும் ஒரே இடத்தில் வரக்கூடாது. சுவரோரம் 10 மி.மீ. விட்டுவிடுங்கள், மாரியில் பலகை பருக்கும். விடாவிட்டால் நடுவில் கூடாரம் போல் எழும்பிவிடும். சுவரடியில் காற்றுத் துவாரமும் வேண்டும். கடல் ஈரம் அடியில் அடைபட்டால் இரண்டே மாரியில் பலகை இலை இலையாகக் கழன்றுவிடும்.

இறப்பர் அதிகம் மென்மையானால் தட்டின் ஓசை செத்துவிடும், நட்டுவாங்கத்துக்கும் காலுக்கும் ஒட்டாது. முழு அறையையும் மூடுமுன் ஓர் 8 அடிச் சதுரம் செய்து, ஆசிரியையே ஏறித் தட்டிப் பார்க்கட்டும். வார்னிஷ் மினுக்கம் வேண்டாம், வெறுங்கால் வியர்வையில் வழுக்கும்.

ஓகஸ்ட் 20
மேலே சொன்ன தரை ஓர் அறைக்கு மட்டும். மற்ற அறைக்குச் சாதாரணச் சீமெந்துத் தரையே நல்லது. வர்ணம் சிந்தும், பலகை அறுப்பார்கள்.

செப்டெம்பர் 2
கூத்துக்கு ஏன் மணல் முற்றம், மேடை போதாதா?

1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைப் படச்சட்ட மேடைக்கு (முன்பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கும் மேடைக்கு) கொண்டுவந்தார். அதனால் படித்தவர்கள் கூத்தைத் திரும்பிப் பார்த்தார்கள், பெரிய காரியம். ஆனால் கிழக்கில் கூத்துப் பழகும் இடம் வட்டக்களரி. நாலு பக்கமும் ஆட்கள் இருப்பார்கள். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தோடு நடுவில் நிற்பார். ஆடுகிறவன் அவரைச் சுற்றி வருவான். முதுகு காட்டக்கூடாத பக்கம் என்று ஒன்று அங்கே இல்லை. மேடையில் மட்டும் பழகிய பிள்ளைக்கு அந்தச் சுற்று வராது. வடமோடிப் பாணியோ தென்மோடிப் பாணியோ, எட்டு, வீசாணம் என்ற ஆட்டமுறைகள் எல்லாம் வட்டத்துக்காகப் பிறந்த ஆட்டம்.

சட்டம் கொடுத்தல் (பாத்திரத்துக்குரிய பாட்டுகளைக் கொடுப்பது), சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் (ஒத்திகை), அரங்கேற்றம் என்று படிப்படியாக, இரவிரவாகப் போகும். எந்த வாடகை மண்டபம் இதற்கு மாதக்கணக்காகத் திறந்திருக்கும்?

களரிக்கு 25 அடி விட்டம், ஓரடி உயரம், மண்ணை நீர் தெளித்து இடித்து இறுக்கி, மேலே மெல்லிய மணல். சுற்றிவர 15 அடி ஆட்கள் இருக்க. ஆக 55 அடிச் சதுரம், 3,025 சதுர அடி, 11 பேர்ச். களரியை வடிவாகக் கொங்கிறீட் போட்டு மெழுகிவிடாதீர்கள். மழைக்குக் கரைந்தால் தை பிறந்தபின் திரும்ப மண் போடலாம், அது ஒரு நாள் வேலை.

செப்டெம்பர் 3
காணி எவ்வளவு என்று கேட்டவருக்கு: இரண்டு அறை 1,380 சதுர அடி, களஞ்சியம் 300, விறாந்தையும் கழிப்பறையும் உடைமாற்றும் அறையும் 700. முற்றத்தோடு 5,405. ஏறக்குறைய 20 பேர்ச். எல்லையிலிருந்து விட வேண்டிய இடமும் வாகனத் தரிப்பும் சேர்த்து 30 பேர்ச் கேளுங்கள். 80 பேர்ச் கேட்டால் பட்டினத்துக்குள் கிடைக்காது, ஊருக்கு வெளியே காட்டைக் காட்டுவார்கள். பஸ் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் 30 பேர்ச், தூரத்து 80ஐ விட நூறு மடங்கு நல்லது.

உடைமாற்றும் அறைக்குள்ளேயே தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் இருக்கட்டும். அதன் கதவு முற்றத்துப் பக்கம் திறக்கக் கூடாது. இது ஒன்று சரியில்லை என்றால் பெற்றோர் பெண்பிள்ளைகளை விடமாட்டார்கள்.

செப்டெம்பர் 14
இடம் தேடுகிறவர்கள் கவனிக்க. கோட்டைக்குள் நினைக்கவே வேண்டாம், தொல்பொருள் பாதுகாப்பு. கடற்கரை அழகாயிருக்கும், ஆனால் உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றருக்குள் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டம். ஒடுங்கிய நிலத்தில் இரு பக்கமும் கடலை வைத்திருக்கும் இந்தப் பட்டினத்தில் 300 மீற்றர் எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்று வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்துவிட்டுக் காணியைத் தெரியுங்கள்.

அரச காணி என்றால் பிரதேச செயலகம் வழியாக நீண்டகாலக் குத்தகை. உள்ளூராட்சிச் சபைக் காணி என்றால் எழுத்திலான உடன்படிக்கை, 10 வருடத்துக்குக் குறையாமல். வாய்வார்த்தையில் கட்டடம் எழுப்பினால் அடுத்த தேர்தலோடு கதை மாறிவிடும். வரைபட அங்கீகாரம் முன்னுக்கு, முடிந்ததும் இணக்கச் சான்றிதழ் (அங்கீகரித்தபடிதான் கட்டியது என்று). இரண்டாவதை மறந்துபோகிறவர்கள்தான் அதிகம்.

விண்ணப்பிக்க ஓர் அமைப்பும் வேண்டும். 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தில் தன்னார்வ சமூக சேவை அமைப்பாகவோ, 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தில் உத்தரவாதத்தால் வரையறுத்த கம்பனியாகவோ பதியலாம். வங்கிக் கணக்கில் இரண்டு ஒப்பம், அந்த இரண்டு பேரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது.

செப்டெம்பர் 15
சுற்றுலாப் பயணிகளுக்கு மாலை நிகழ்ச்சி வைத்தால் செலவு தேறும் என்று நிலாவெளிப் பக்கத்து அண்ணை ஒருவர். தேறலாம். ஆனால் இங்கே வெள்ளைக்காரர் வருவது சித்திரை தொட்டுப் புரட்டாதி வரை. அதை நம்பிச் சம்பளம் பேசினால் மாரியில் காவலாளிக்குக் கொடுக்கக் காசிராது. நிகழ்ச்சி வருமானத்தைத் திருத்தவேலை நிதிக்கு மட்டும் ஒதுக்குங்கள். கட்டட வேலைகளில் ஆண்டுக்குக் கட்டுமானப் பெறுமதியின் 2 முதல் 4 வீதம் பராமரிப்புக்கு வைப்பது வழக்கம், இங்கே உப்புக் காற்றுக்கு 4 என்றே எழுதுங்கள். பிள்ளைகளின் 3.30 நேரத்தை எவருக்கும் விற்காதீர்கள்.

ஒக்டோபர் 1
நவராத்திரிக் கும்பம் வீதிக்கு வரும் இரவுகளில் இந்த ஊர் தூங்குவதில்லை. அத்தனை பெடியள், அத்தனை பறை, அத்தனை உழைப்பு. இந்த ஊருக்குக் கலையில் அக்கறையில்லை என்று சொல்கிறவர்கள் அந்த இரவு வீதிக்கு வந்து நிற்கட்டும்.

ஒக்டோபர் 9
கூரை. தகடு போட்டால் மாரியில் வாத்தியார் சொல்வது கேட்காது. அறைக்குள் எதிரொலியைத் திருத்திவிட்டு மேலே தகரத்தை வெறுமனே விட்டால் ஐப்பசி முதல் தை வரை வகுப்பு இல்லை. ஓடு நல்லது, பாரம் கூட. தகடுதான் என்றால் அதன் கீழ் 50 மி.மீ. கண்ணாடிக் கம்பளி, இடைவெளி விட்டு 9 மி.மீ. சீமெந்துப் பலகை.

ஆணியில்தான் பிழை நடக்கிறது. துத்தநாகம்-அலுமினியம் பூசிய தகட்டுக்குக் கறல் பிடிக்காத உருக்கு ஆணி என்று நல்லெண்ணத்தில் வாங்கிப் போடுகிறார்கள். உப்பு ஈரத்தில் இரண்டு உலோகமும் சண்டை பிடித்து, ஆணி பளபளவென்றிருக்க, ஆணியைச் சுற்றித் தகடு உளுத்துக் கொட்டும். தகட்டுக்காரர் சொல்லும் பூச்சு ஆணியும் இறப்பர் வளையமும் போடுங்கள். யன்னல் கிறில், கொளுக்கி போன்றவைக்கு கறல் பிடிக்காத உருக்கு வேண்டுமானால் 316 என்ற தரத்தைக் கேளுங்கள். 304 இங்கே தேநீர்க் கறை மாதிரிப் பழுப்பேறும்.

மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். அந்தப் பக்கம் விறாந்தை, தாழ்வாரம் 6 அடி. கச்சான் காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து வரும், சூடும் புழுதியும். அங்கே பெரிய யன்னலும் ஒரு வேம்பும்.

ஒக்டோபர் 10
ஓகஸ்ட் 11இல் "யன்னல் 10 சதுர மீற்றர்" என்றேன். மாரியில் வடகிழக்கு யன்னல்களைச் சாத்த வேண்டிவரும், பாதி போய்விடும். எதிரொலி 0.8இலிருந்து 0.9 ஆகும். பரவாயில்லை, தாங்கும். ஆனால் பலகையை 30 சதுர மீற்றருக்குக் குறைக்காதீர்கள்.

நவம்பர் 6
மழை தொடங்கிவிட்டது. காணி பார்க்கிறவர்கள் இப்போது போய்ப் பாருங்கள், ஆடி மாதத்தில் எல்லாக் காணியும் நல்ல காணிதான். தண்ணீர் நின்ற அளவைப் பக்கத்து மதிலில் கரிக்கட்டியால் கோடு போட்டுப் படம் எடுத்து விண்ணப்பத்தில் இணையுங்கள். அடித்தளம் அந்தக் கோட்டுக்கு 2 அடி மேலே.

களஞ்சியம்: ஈரப்பதன் 70 வீதம் தாண்டினால் பூஞ்சணம். மிருதங்கத் தோல் தொய்யும், தோலில் பூசிய கறுப்பு மருந்து கெடும், சரிகை கறுக்கும். அலுமாரியைச் சுவரோடு ஒட்டாமல் 3 அங்குலம் தள்ளி, நிலத்திலிருந்து 6 அங்குலம் உயர்த்தி வையுங்கள். உள்ளே ஈரம் போக்கப் பழைய முறைப்படி மின்குமிழ் எரிப்பவர்கள் துணியிலிருந்து ஓரடி தள்ளிக் கம்பிக்கூடு போட்டே எரிக்க வேண்டும். ஈரப்பதன்மானி ஒன்று சுவரில் தொங்கட்டும்.

கூத்துக் கொப்பிகளை லமினேட் பண்ணாதீர்கள். சூடு மையைக் கெடுக்கும், பிளாஸ்ரிக்கைத் திரும்ப உரிக்கவே முடியாது. விறாந்தை வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, அண்ணாவியாரின் சம்மதத்தோடு ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்த்து வைக்கும் நூலக நிறுவனத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள். மூலம் அவர் வீட்டுக்கே போகட்டும்.

நவம்பர் 8
முதலில் கேட்டவர் திரும்ப வந்து, "சரி, நாளைக்கே என்ன செய்வது?" என்கிறார்.

கட்டடம் வேண்டாம். ஓர் அறையை ஆறு மாதத்துக்கு வாடகைக்கு எடுங்கள். நிபந்தனை ஒன்றுதான்: சாமான் இரவில் அங்கேயே இருக்கும். மூன்று அலுமாரி, ஒரு பயன்பாட்டுக் கொப்பி. கொப்பியில் திகதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், யார், என்ன வேலை, எத்தனை பேர், தடைப்பட்டது எதனால். கடைசி நிரல்தான் பெறுமதி. "மழைச் சத்தம்", "கரண்ட் இல்லை", "பஸ் போயிட்டுது", "இடம் போதாமல் 6 பிள்ளை வெளியில்" என்று ஆறு மாதம் சேர்ந்தால் அதுவே உங்கள் விண்ணப்பம். பரீட்சை மாதத்தில் கொப்பி பாதி வெறுமையாக இருக்கும், அதை மறைக்காமல் அப்படியே காட்டுங்கள்.

அறைக்கு மூன்று திறப்பு வெட்டுங்கள். ஒன்று நடன ஆசிரியையிடம், ஒன்று கூத்துக்காரரிடம், ஒன்று அறைக்கு மிகக் கிட்ட இருக்கிற வீட்டில். மூன்று பேரின் பெயரும் கொப்பியின் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.